பதிமூன்று நாள் தரை

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. சோறு வெந்ததா என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்தே அதை வேகவிடாமல் செய்கிற ஆள் நான். அப்படிப்பட்டவளிடம் ஒரு கொத்தனார் வந்து நின்று, "தரைன்னா பன்னெண்டு நாளாகுமுங்க அம்மிணி, அதுக்குக் கொறஞ்சு என்னால ஆகாதுங்க" என்று சொன்னார். எங்களிடம் இருந்ததோ பதிமூன்றே நாள். இடையில் இருந்த அந்த ஒரே ஒரு நாளை நம்பித்தான் எங்கள் பிழைப்பு நின்றது.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. நான் கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்து மூன்றாவது வருஷம். வீட்டில் மூன்றே பேர்: மாமனார், என் வீட்டுக்காரர், நான். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். முன் கூடம் முழுக்க மாமனாரின் குழித்தறி. தரையில் இடுப்பளவுக்கு ஒரு குழி இருக்கும். விளிம்பில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு, மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதித்து நெய்வார். முப்பது வருஷமாக அதே குழி, அதே கால்.

என் வீட்டுக்காரர் தறியில் உட்காரவில்லை. ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தாலும் பேச்செல்லாம் ஊசி, நூல், துணிக்குழாய் என்றுதான் இருக்கும். சொந்தமாக ஒரு மிஷின் போட வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கும் அந்தப் பித்து பிடித்துவிட்டது. கடைசியில் கல்கத்தாவில் பழைய மிஷின் ஒன்று கிடைத்தது. மாமனார் மறு பேச்சுப் பேசாமல் தறியைப் பிரித்து விற்கச் சம்மதித்தார். இவரும் கம்பெனியில் கணக்கு முடித்துக்கொண்டு வந்துவிட்டார். மிஷின் கூட்ஸ் வண்டியில் வந்து, பெரிய மரப்பெட்டியாக எங்கள் வாசலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தது.

பெட்டி வந்த மறுநாள் பிட்டரின் கடிதம் வந்தது. மிஷினைப் பூட்டி, ஊசி கோத்து, ஓட்டிக் காட்டுகிறவர் அவர்தான். அன்றையிலிருந்து பதிமூன்றாம் நாள் வருவேன், இரண்டு நாள் இருப்பேன், அப்புறம் மதுரையில் வேலை, திரும்ப இந்தப் பக்கம் வர ஆறு மாசமாகும் என்று எழுதியிருந்தார். தரை கெட்டியாக, மட்டமாக இருக்க வேண்டும், மண் தரையில் மிஷினை நிறுத்த மாட்டேன் என்பதை மட்டும் அடிக்கோடு போட்டிருந்தார். எங்கள் வீட்டில் இருந்தது சாணி மெழுகிய மண் தரை. அதற்கு நடுவில் ஒரு குழி.

ஆக, தறியும் போய்விட்டது, சம்பளமும் போய்விட்டது. பதிமூன்றாம் நாள் தரை தயாராக இல்லையென்றால் ஆறு மாசம் நாங்கள் அந்த மரப்பெட்டியைப் பார்த்துக்கொண்டே பட்டினி கிடக்க வேண்டியதுதான். இதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குப் பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது. எங்கள் வீட்டுக்குச் சிமெண்ட் தரை வரப்போகிறது! எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கொத்தனாரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டே கொன்றுவிட்டேன். வயது ஐம்பது இருக்கும், எதற்கும் அவசரப்படாத மனுஷர். எந்தத் தரைக்கு எத்தனை நாள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

"சாணி மெழுகறதுன்னா அர நாளுங்க. அத நீங்களே பண்ணிக்கிறீங்க, நா எதுக்குங்க?" என்று ஆரம்பித்தார்.

"அத உடுங்க. மொசைக் எத்தன நாளுங்க?"

காதர்பேட்டையில் ஒரு வியாபாரி வீட்டில் மொசைக் தரையைப் பார்த்திருந்தேன். வெள்ளையும் பச்சையுமாகக் கல் சிதறிக் கிடந்தது. வெறும் காலை வைத்தேன், ஜில்லென்று உச்சி வரை ஏறியது. அன்றிலிருந்து எனக்கு மொசைக் என்றால் ஒரு தனி மயக்கம்.

"மொசைக்கா! ஒரு மாசமுங்க அம்மிணி. மொதல்ல கீழ்த்தளம் போடோணும், அது இறுகோணும். அதுக்கு மேல கல்லுச் சல்லியக் கலந்து கொட்டோணும். ஒரு வாரம் தண்ணி கட்டோணும். அப்பறம் தேக்கோணும். தேச்சா ஓட்டை ஓட்டையாத் தெரியும், அத அடைக்கோணும். மறுக்காக் காயோணும், மறுக்காத் தேக்கோணும். கடைசியா மெருகு."

மாசம் என்றதும் மொசைக்கைக் கைகழுவினேன். கடப்பாக்கல் என்றால் இரண்டு நாளில் பாவிவிடலாம், நாலாம் நாள் மிஷினே நிறுத்தலாம் என்றார். எங்கள் வீட்டுக்காரருக்கு அதுதான் பிடித்தது. ஆனால் கல்லுக்குக் கல் இடுக்கு வரும், இடுக்கில் எண்ணெயும் பஞ்சும் போய் உட்காரும், வெள்ளைத் துணி அதன் மேல் விழுந்தால் கறைதான் என்று கொத்தனாரே சொல்லிவிட்டார். மிச்சமிருந்தது காவித் தரை. சிவப்பாக, ஒரே பாளமாக, இடுக்கே இல்லாமல். இரண்டு நாள் வெட்டிக் கொட்டி நிரவுவது, ஒரு நாள் கீழ்த்தளம், ஒரு நாள் காவி, ஏழு நாள் தண்ணீர் கட்டுவது, ஒரு நாள் உலரவிட்டுத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பது. பன்னிரண்டு நாள்.

"தண்ணி கட்டறத ரெண்டு நாள்ல முடிச்சுக்க முடியாதுங்களா?" என்றேன்.

"முடியுமுங்க. மூணாம் நாளே வெடிச்சுப்போகும், பரவாயில்லீங்களா?"

அந்தக் காலத்தில் சிமெண்டுக்குப் பர்மிட் வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் நாயாய்ப் பேயாய் அலைந்து வாங்கி வைத்திருந்த மூட்டைகள் ஒரு முறை தரை போடத்தான் சரியாக வரும். இரண்டாம் தடவை என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதல் நாள் பழைய தரையை வெட்டி எடுத்தார்கள். கூடம் முழுக்கப் புழுதி. மிஷின் வைக்கக் கூடத்தின் நடுவை விட்டால் வேறு இடம் கிடையாது, அங்கேதான் கூரை உயரம். எங்கள் வீட்டுக்காரர் கரித்துண்டால் மூன்று காலுக்கும் குறி போட்டார். இரண்டு கால் கெட்டி மண்ணில் விழுந்தது. மூன்றாவது கால் நேராகத் தறிக்குழியின் மேல் விழுந்தது.

இரண்டாம் நாள் அவர் மோட்டார் விஷயமாகக் கோயமுத்தூர் போய்விட்டார். அன்றுதான் குழியை மூடும் வேலை. சித்தாள்கள் மண்ணும் கல்லுமாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். அரைக் குழி நிரம்பியதும் இரண்டு ஆட்கள் டயர் செருப்போடு உள்ளே குதித்தார்கள். ஒருத்தர் கையில் திமிசுக்கட்டை. அடியில் கனமான மரக்கட்டையும் மேலே பிடியும் உள்ள அந்தச் சாமானைத் தூக்கித் தூக்கிப் போட்டால் மண் இறுகும். அவர் அதைத் தூக்கி ஒரு போடு போட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது. நானும் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் ஆட்களுக்குத் தறிக்குழி வெறும் குழி அல்ல. காலைக் கழுவாமல் அதில் இறங்க மாட்டோம். இறங்குமுன் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். ஆயுதபூஜைக்கு முதல் சூடம் குழிக்குத்தான். அதில் வெளியாள் செருப்புக் காலோடு நின்று இடிக்கிறார். மாமனார் சுவரோரம் உட்கார்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"ஏனுங்க, என்ன பண்றீங்க! அது தறிக்குழிங்க! இத்தன வருசம் சோறு போட்ட எடத்துல ஏறி நின்னு இடிக்கறீங்களே, மேல ஏறுங்க மொதல்ல!"

ஆட்கள் துள்ளி வெளியே வந்தார்கள். கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இடிக்காம மண்ணு எப்பிடிங்க அம்மிணி இறுகும்?"

"தண்ணி ஊத்துங்க. தானா இறுகும்."

"தண்ணிக்கு எறங்கறது வேறீங்க, இடிச்சு எறங்கறது வேறீங்க. மிஷின் காலு வருதுங்க அங்க."

"எங்க குழி எங்களுக்குத் தெரியுமுங்க. நாங்க சொல்றதப் பண்ணுங்க."

அவர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, இடி என்றும் சொல்லவில்லை. ஆனால் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி இருந்தது என்று எனக்குத் தோன்றியது. எனக்கு ஒரே பெருமை. கொத்தனார் தோளை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, மண்ணைக் கொட்டி, நாலு குடம் தண்ணீர் ஊற்றி, மட்டம் பண்ணிவிட்டார்.

மூன்றாம் நாள் கீழ்த்தளம். நாலாம் நாள் காவி. அந்த நாலாம் நாளை என்னால் மறக்கவே முடியாது. காலையிலேயே கொத்தனார், "இன்னைக்கு யாரும் உள்ள வரக்கூடாதுங்க, கோழிகூட" என்று சொல்லிவிட்டார். நான் சமையல்கட்டு நிலைப்படியில் நின்றுகொண்டே ஒரு பொழுது முழுக்கப் பார்த்தேன். சிமெண்டும் காவிப்பொடியும் கலந்த கலவையைப் பரப்பிக்கொண்டே அவர் பின்னால் நகர்ந்தார். பலகையால் இழுத்தார், பிறகு கரண்டியால் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க உள்ளேயிருந்து பளபளப்பு எழுந்து வந்தது. மத்தியானம் கூடத்தின் பாதி சிவந்துவிட்டது. பொழுதோடு வாசற்படி வரை வந்து அவர் எழுந்து முதுகை நிமிர்த்தியபோது, என் வீடா இது என்று இருந்தது. கையைத் தட்டிவிட்டேன். கல்யாணமான பொம்பளை கை தட்டுகிறாளே என்று கொத்தனாருக்குச் சிரிப்பு.

மறுநாள் காலை, தரையின் மேல் களிமண்ணால் வரப்பு கட்டி ஆறு பாத்தியாகப் பிரித்தார். பாத்திக்கு விரல்கடை அளவு தண்ணீர் நிற்க வேண்டும். ஏழு நாளும் வற்றவே கூடாது. தண்ணீர் விடுவது என் பொறுப்பு. திருப்பூரில் அப்போது தண்ணீர் என்ன லேசில் கிடைக்கிற பொருளா? தெருக்கோடிக் கிணற்றில் சேந்தி, இடுப்பில் ஒரு குடம் கையில் ஒரு குடம் என்று நடந்தேன். எங்கள் வீட்டுக்காரர் பக்கத்துச் சந்து வீட்டுக் கொல்லைக் கிணற்றிலிருந்து கொண்டுவந்தார். கூடத்துக்குள் மீன் விடலாம் போல இருந்தது. தண்ணீருக்கு அடியில் சிவப்பு மின்னுவதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சலிக்கவில்லை.

ஒரு பாத்தி மட்டும் மற்றதைவிடச் சீக்கிரம் வற்றியது. நடுப் பாத்தி. முதல் நாள் ஒரு குடம் கூடுதலாக விட்டேன். இரண்டாம் நாள் இரண்டு குடம். ஜன்னல் வெய்யில் நேராக அதில் விழுகிறது, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் ஏதோ குறுகுறுத்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் விடிந்து கதவைத் திறக்கிறேன், நடுப் பாத்தி காய்ந்து கிடக்கிறது. ஒரு குடத்தைச் சாய்த்தேன். தண்ணீர் ஒரு சுற்றுச் சுற்றிக் கண் முன்னாலேயே கீழே இறங்கிப்போனது. குனிந்து பார்த்தேன். மயிரிழையாக ஒரு வெடிப்பு, சதுரமாக, குழியின் அளவுக்கே ஓடியிருந்தது. விரலால் அழுத்தினேன். என் சிவப்புத் தரை அப்பளம் நொறுங்குவதுபோல் நொறுங்கி ஒரு சாண் கீழே போனது.

நான் போட்ட சத்தத்தில் எங்கள் வீட்டுக்காரர் ஓடி வந்தார். குழியைப் பார்த்தார். நேராகப் போய்க் கொத்தனாரைக் கையோடு கூட்டிவந்துவிட்டார். அவர் அவ்வளவு கோபப்பட்டு நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

"இடிச்சீங்களா இல்லியா? கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. இடிச்சிருந்தா எதுக்குங்க எறங்குது? உங்கள நம்பித்தான உட்டுப்போட்டுப் போனேன்? எங்க பொழப்பையே குழியில தள்ளீட்டீங்களே!"

கொத்தனார் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார். நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் வாய் காட்டுகிறவள், நான் பேச வேண்டிய அந்த ஒரு நிமிஷத்தில் ஊமையாக நின்றேன்.

சுவரோரத்திலிருந்து மாமனாரின் குரல் வந்தது. "அவரத் திட்டாத. இடிக்க வேண்டாமுன்னு சொன்னது நாந்தான்."

எங்கள் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஏப்பா? ஏம்ப்பா அப்பிடிச் சொன்னீங்க?"

"மனசு கேக்கல. சொல்லீட்டேன். இப்ப என்ன பண்றதுன்னு பாரு."

அப்பாவிடம் அவரால் கத்த முடியவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மாமனார் பொய் சொல்கிற மனுஷர் அல்ல. என்னைக் காப்பாற்றச் சொன்னார்.

கொத்தனார்தான் நிலைமையைக் கையில் எடுத்தார். உள்ளே இறங்கி, கையால் மண்ணை அள்ளிப் பார்த்தார், விரல் விட்டு எண்ணினார். காவியைத் திரும்பப் போடச் சிமெண்டும் இல்லை, நாளும் இல்லை. மற்ற ஐந்து பாத்தியும் நன்றாக இருக்கிறது, அதற்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கலாம். குழியை மட்டும் தோண்டி ஒழுங்காக இடித்து, மேலே கல்லைப் போட்டுவிடலாம்.

"கடப்பாக்கல்லுங்களா?" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"அது மிஷின் அதிர்ச்சிக்குப் பட்டுனு போயிருமுங்க. நல்ல கருங்கல் வேணும். குழியவிட ரெண்டு பக்கமும் ஒரு சாண் நீளமா இருக்கோணும், கெட்டி மண்ணு மேல தாங்கி நிக்கறாப்பல. சிமிட்டி காயற வேலையே இல்ல, வெச்ச அன்னைக்கே பாரம் ஏத்தலாம். ஆனா அத்தாப் பெரிய கல்லுக்கு எங்க போறதுங்க? சொல்லி அடிச்சா பத்து நாளாகும்."

கல் என்றதும் எனக்குப் பளிச்சென்று அடித்தது. சேவூரில் என் அண்ணன் வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கிற கல் இருந்தது. ஆள் படுக்கலாம், அத்தனை பெரிசு. முகம் கழுவினேனா, சேலை மாற்றினேனா, எதுவும் நினைவில்லை. "நா கொண்டாறேனுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். யாரும் தடுக்க நேரமே கொடுக்கவில்லை.

அவினாசியில் பஸ் மாறி, சேவூரில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போய் நின்றபோது அண்ணி அந்தக் கல்லில்தான் துணிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். குழியை இடிக்க வேண்டாமென்றது நான்தான் என்பதையும் சொல்லிவிட்டேன். முதல் தடவையாக அங்கே சொல்லி அழுதேன். அண்ணி ஈரத் துணியையெல்லாம் வாளியில் எடுத்துப் போட்டார், சோப்புக் கட்டியை எடுத்துத் திண்டில் வைத்தார்.

"கல்லுதான? எடுத்துட்டுப் போ. நா கெணத்து மேட்டுல தொவச்சுக்கறேன். பத்தரமாக் கொண்டு போ, உங்கண்ணனுக்கு முதுகு புடிச்சுக்கும்" என்றார்.

மறுநாள் காலை நாலு பேர் கடப்பாரை போட்டு நெம்பிக் கல்லை மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். வைக்கோல் மேல் கல், கல் மேல் நான், முன்னால் அண்ணன். வெய்யிலில் கல் சுடச் சுட, குடையைப் பிடித்துக்கொண்டு நான் அதை விட்டு இறங்கவில்லை. இறங்கினால் கல் எங்கேயோ போய்விடும் போல ஒரு நினைப்பு. வழி நெடுக அண்ணன் கேலி பண்ணிக்கொண்டே வந்தான். "கல்யாணத்துக்கு உனக்குப் போட்ட சீரு பத்தலீன்னு இப்பக் கல்லையும் கேட்டு வாங்கிட்டுப் போற" என்றான். ஊருக்குள் வண்டி நுழைந்தபோது பனியன் மூட்டை சுமந்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். எனக்குக் கூச்சமே இல்லை. தேரில் வருகிறமாதிரி வந்தேன்.

வீட்டு முன்னால் வண்டி நின்றது, பொழுது சாயும் நேரம். உள்ளே ஓடினேன். நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன்.

குழியை முழுக்கத் தோண்டி எடுத்துவிட்டுத் திரும்பவும் அரை அடி மண் போட்டிருந்தார்கள். கொத்தனாரும் ஆட்களும் திமிசுக்கட்டையை வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். குழிக்குள் மாமனார் நின்றுகொண்டிருந்தார். காலைக் கழுவியிருந்தார், வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். விட்டத்திலிருந்து தொங்கிய பழைய கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்தார். இடது கால், வலது கால், இடது கால், வலது கால். தறியில் மிதிப்பாரே, அதே கணக்கு. வேர்வை வழிந்தது.

"காலையிலிருந்து இப்பிடித்தானுங்க" என்று கொத்தனார் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "ஒவ்வொரு அடுக்கு மண்ணு போடறப்பவும் அவரு மொதல்ல மிதிச்சுட்டுத்தான் எங்கள உடறாருங்க. இது மூணாவது அடுக்கு."

மாமனார் என்னைப் பார்த்துவிட்டார். "கல்லு வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க மாமா."

"அப்பக் காலக் கழுவீட்டு வா கண்ணு. நீயும் எறங்கு."

நான் அந்தக் குழிக்குள் அதுவரை இறங்கியதே இல்லை. அவர் உட்கார்ந்து நெய்கிற இடம் அது. காலைக் கழுவிக்கொண்டு ஓடிவந்து, விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கினேன். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மிதித்தேன். ஆத்திரமும் வெட்கமும் சந்தோஷமும் எல்லாம் சேர்ந்து காலுக்கு வந்துவிட்டது. குதித்தேன் என்றே சொல்ல வேண்டும். மாமனார் சிரித்துவிட்டார். "மெதுவா மெதுவா, மறுபக்கம் போயிரப் போற" என்றார். பிறகு இருவரும் மேலே வந்தோம். அவர் ஆட்களைப் பார்த்து, "இனி இடிங்க" என்றார். திமிசுக்கட்டை இறங்கியது. ஒவ்வொரு இடிக்கும் வீட்டுச் சாமான் எல்லாம் கிணுகிணுவென்று ஆடின. இந்தத் தடவை எனக்கு ஒன்றும் பதறவில்லை. "இன்னொரு போடு போடுங்க" என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாளும் மண், மிதி, இடி. பதினோராம் நாள் ஆறு பேர் சேர்ந்து கல்லை இறக்கினார்கள். கொத்தனார் படுத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தார். எந்தப் பக்கம் தட்டினாலும் ஒரே சத்தம். பன்னிரண்டாம் நாள் வரப்பையெல்லாம் எடுத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். சிவப்புத் தரைக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கருங்கல். அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தேன்.

பதிமூன்றாம் நாள் காலை பிட்டர் வந்தார். வந்தவர் காபிகூடக் குடிக்காமல் முதலில் தரையைத்தான் பார்த்தார். கல்லைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். பிறகு பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். மிஷினை மூன்று காலில் நிறுத்தியதும் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வைத்தார். கண்ணாடிக்குள் ஒரு குமிழி ஓடுமே, அது. சிவப்புத் தரையில் நின்ற இரண்டு காலுக்கும் அடியில் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. கல்லின் மேல் நின்ற காலுக்குத் தகடே வேண்டியிருக்கவில்லை. குமிழி நடுவில் வந்து நின்றுகொண்டது.

"இந்த எடம் மட்டும் பர்ஸ்ட் கிளாஸா இருக்கே, யார் வேலை?" என்று கேட்டார்.

கொத்தனார் மாமனாரைக் காட்டினார். எங்கள் வீட்டுக்காரருக்கு அன்று வாயெல்லாம் பல். "எங்கப்பாதானுங்க சார். மொதல்ல இடிக்க வேண்டாமுன்னு சொல்லிக் கெடுத்ததும் அவருதான், அப்பறம் மிதிச்சுச் சரிபண்ணுனதும் அவருதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பிட்டரும் சிரித்தார். மாமனாரும் சேர்ந்து சிரித்தார், எந்தத் தப்பும் பண்ணாதவர், தலையைக் குனிந்துகொண்டு.

என்னால் தாங்க முடியவில்லை.

"மாமா இல்லீங்க. இடிக்க வேண்டாமுன்னது நானுங்க" என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது, எல்லாரும் திரும்பினார்கள். "கொத்தனார் சொன்னாருங்க, எறங்குமுன்னு. நாந்தான் கேக்கல. அன்னைக்கு நீங்க அவரத் திட்டறப்பவும் சொல்லல. மாமா எனக்காகச் சொன்னாருங்க."

எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு கொத்தனாரிடம் போய் நின்றார். "அன்னைக்கு வாய்க்கு வந்தபடி பேசீட்டனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். கொத்தனார், "அட, அத உடுங்க, கரண்டி புடிச்ச காலத்துல இருந்து கேக்கறதுதானுங்க" என்றார்.

"இத எதுக்கு இப்பச் சொல்லீட்டு இருக்கற?" என்று மாமனார் என்னிடம் சிடுசிடுத்தார். "மிஷின ஓட்டச் சொல்லு மொதல்ல."

ஊசி கோத்து நூல் மாட்ட மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. மோட்டாரைப் போட்டார்கள். மிஷின் ஒரு உறுமல் உறுமிச் சுற்ற ஆரம்பித்தது. பாத்திரம் வைத்த பலகை அதிர்ந்தது, ஜன்னல் கதவு அதிர்ந்தது. எங்கள் எல்லாருடைய கண்ணும் அந்த மூன்றாவது காலின் மேலேயே இருந்தது. மிஷினுக்கு அடியிலிருந்து வெள்ளையாகத் துணிக்குழாய் ஒரு விரற்கடை இறங்கியது, ஒரு சாண் இறங்கியது. எங்கள் வீட்டுத் துணி. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது.

மாமனார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மிஷின் சத்தத்தில் காதருகே குனிந்துதான் பேச வேண்டியிருந்தது.

"கல்லுல கைய வெச்சுப் பாரு கண்ணு. எறங்குதா?"

உள்ளங்கையைக் கல்லின் மேல் வைத்து அழுத்தினேன். மேலே மிஷின் அத்தனை வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கல் அசையவில்லை.

"எறங்கலீங்க மாமா" என்றேன்.